விலை ஓடி வந்தது, கணக்கு நடந்து வந்தது

ஒரு கொம்பனியின் பங்கு இண்டைக்கு என்ன விலைக்குப் போகுது என்று போனில் பார்க்க ஐந்து விநாடி போதும். அதே கொம்பனிக்கு எவ்வளவு கடன் இருக்கு, போன வருசம் உண்மையில் எவ்வளவு காசு உள்ளே வந்தது என்று அதே போனில் பார்க்க எவ்வளவு நேரம் வேணும்? ஒருக்கா முயற்சி செய்து பாருங்கோ. முதலில் ஆண்டறிக்கையைத் தேடவேண்டும். அது சில நூறு பக்கங்களில் ஒரு பி.டி.எவ் ஆக இறங்கும். பிறகு இரண்டு விரலால் பெரிசாக்கி, இடமும் வலமும் இழுத்து, எந்த நிரல் இந்த வருசம், எது போன வருசம் என்று மறந்துபோய், திரும்ப மேலே போய்ப் பார்த்து, கடைசியில் களைச்சுப்போய் போனை மூடிவிடுவோம்.

இதில் போனில் ஒரு குறையும் இல்லை. திரைப்படம் காட்டுற கருவிக்கு நாலு எண்களைக் காட்டுவது பெரிய வேலையா? அப்ப ஏன் விலை இவ்வளவு லேசாகவும் கணக்கு இவ்வளவு கஷ்டமாகவும் வருகிறது? இதற்குப் பதில் தேட 150 வருடத்துக்கு மேலே பின்னால் போகவேண்டியிருக்கிறது. நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற ஆக்கள், கணக்கியல் எங்கட பாடமில்லை. ஆனால் எதை, எந்தப் பெயரில் எழுதி, ஆருக்கு, எப்போது காட்டவேண்டும் என்பது கணக்காளர்களுக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. அது அதிகாரம் பற்றிய கேள்வியும்தான். இந்தக் கதையின் பெரும்பகுதி அமெரிக்காவில் நடக்கிறது. கடைசியில் எங்கட ஊருக்கும் வருவோம்.

புறாவும் நாடாவும்

விலைதான் முதலில் ஓடத் தொடங்கியது. 1850இல் ஜேர்மனியின் ஆகன் நகரம் வரைக்கும் தந்திக் கம்பி வந்திருந்தது. பாரிஸிலிருந்து பெல்ஜியத்தின் பிரசல்ஸ் வரைக்கும் இன்னொரு கம்பி இருந்தது. நடுவில் கம்பி இல்லை. போல் ஜூலியஸ் ரொய்ட்டர் என்பவர் அந்த இடைவெளியைப் புறாக்களால் நிரப்பினார். ரயிலை முந்திக்கொண்டு பங்கு விலைகள் புறாவில் பறந்தன. இன்றைக்கு நாங்கள் செய்தியில் கேட்கிற ரொய்ட்டர்ஸ் அவருடைய பெயர்தான்.

1867இல் நியூயோர்க்கில் எட்வேர்ட் கலஹான் என்பவர் 'ரிக்கர்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். தந்திக் கம்பி வழியாக வருகிற விலையை ஒடுங்கிய காகித நாடாவில் அதுவே அச்சடித்துத் தள்ளும். அந்த நாடாவில் இருந்தவை இரண்டே இரண்டு விசயங்கள்: கொம்பனியின் பெயர்ச்சுருக்கம், அதற்குரிய எண்கள். நியமம் என்று சொன்னால் இதைவிட எளிமையான நியமம் இல்லை. எல்லாருக்கும் ஒரே சுருக்கம், ஒரே வரிசை. அதனால்தான் விலையை எந்தக் கருவிக்கும் மாற்றுவது சுகமாக இருந்தது. நாடா போய்த் திரை வந்தது, திரை போய் போன் வந்தது. சுருக்கமும் எண்ணும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் நாடா சொல்லாத விசயம் எவ்வளவு பெரியது என்பது அடுத்த வருடமே தெரிந்துவிட்டது. 1868இல் ஈரி ரயில்பாதைக் கொம்பனியைக் கைப்பற்றுவதற்காக கொர்னேலியஸ் வண்டர்பில்ட் அதன் பங்குகளை வாங்கிக் குவித்தார். கொம்பனிக்குள் இருந்த டானியல் ட்ரூ, ஜே கூல்ட், ஜிம் பிஸ்க் மூவரும் என்ன செய்தார்கள் தெரியுமோ? அவர் வாங்க வாங்க, புதுப் பங்குகளை வெளியிட்டு விற்றுக்கொண்டே இருந்தார்கள். கைது செய்ய ஆள் வருகுது என்று தெரிந்ததும் ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூ ஜேர்சிக்கு ஓடினார்கள். ரிக்கர் நாடா விலையை ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. மொத்தம் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்குத்தான் வெளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. 1869இல்தான் நியூயோர்க் பங்குச்சந்தை, பங்குகளைப் பதிவு செய்யவேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

அட்டையில் வந்த கணக்கு

கணக்கையும் ஆட்களின் கைக்குக் கொண்டுபோக முயன்றவர்கள் அதே காலத்திலேயே இருந்தார்கள். ஹென்றி வார்னம் பூர், அமெரிக்க ரயில்பாதைக் கொம்பனிகளின் விபரங்களைத் திரட்டி 1868இல் ஒரு கையேடு வெளியிட்டார். பாதையின் நீளம், கடன், வருமானம், செலவு என்று ஒவ்வொரு கொம்பனியையும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அடுக்கினார். பிறகு அது வருடாவருடம் வந்தது.

பிரச்சினை என்னவென்றால், கொம்பனிகள் தங்கள் தங்கள் விருப்பத்துக்குக் கணக்கு எழுதின. ஒன்று 'பராமரிப்புச் செலவு' என்று எழுதுவதை இன்னொன்று 'புதுச் சொத்து' என்று எழுதும். செலவு என்று எழுதினால் இலாபம் குறையும். சொத்து என்று எழுதினால் இலாபம் கூடின மாதிரித் தெரியும். வெளியில் இருந்து ஒருவர் எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும், உள்ளே பெயர்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒப்பிட முடியாது. அமெரிக்க அரசு 1887இல் மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தக ஆணைக்குழுவை அமைத்தது. 1906இல் வந்த ஹெப்பேர்ன் சட்டம்தான் எல்லா ரயில்பாதைகளும் ஒரே முறையில் கணக்கு எழுதவேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது.

அதே 1906இல் லூதர் லீ பிளேக் என்பவர் இன்னொரு கோணத்தில் யோசித்தார். வருடத்துக்கு ஒருமுறை வருகிற தடிப் புத்தகம் அச்சாகி வெளியே வரமுன்னமே பழசாகிவிடும். அதனால் ஒவ்வொரு கொம்பனியின் விபரத்தையும் 5 அங்குலம் அகலமும் 7 அங்குலம் நீளமும் உள்ள அட்டையில் அச்சடித்தார். புது விபரம் வந்தால் அந்த ஒரு அட்டையை மட்டும் மாற்றினால் போதும். அவருடைய ஸ்ராண்டர்ட் நிறுவனமும் பூரின் நிறுவனமும் 1941இல் ஒன்றாகின. நாடுகளுக்கு மதிப்பீடு போடுகிற 'ஸ்ராண்டர்ட் அன்ட் பூவர்ஸ்' என்று நாங்கள் செய்தியில் கேட்பது அதைத்தான்.

2012இல் வந்த முதல் ஐபேட் மினி ஏறத்தாழ 5.3 அங்குல அகலமும் 7.9 அங்குல நீளமும் கொண்டது. பிளேக்கின் அட்டையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கையில் பிடிக்கிற அளவில், புதுப்பிக்கக்கூடிய வடிவில், ஒரே ஒழுங்கில் கணக்கு வேணும் என்ற தேவை அப்பிள் கொம்பனி பிறக்க எழுபது வருடத்துக்கு முன்னமே இருந்திருக்கிறது.

நாடா பிந்தினால் பயம், கணக்கு பிந்தினால்?

1929 ஒக்டோபர் 24ஆம் திகதி நியூயோர்க் சந்தையில் ஏறத்தாழ 1 கோடியே 29 இலட்சம் பங்குகள் கைமாறின. ரிக்கரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சந்தை மூடி நாலு மணித்தியாலம் கழிந்த பிறகும் நாடா ஓடிக்கொண்டிருந்தது. தாங்கள் இன்னும் பணக்காரரா, இல்லாட்டி எல்லாம் போயிட்டுதா என்று தெரியாமல் சனம் நின்றது. விலை நாலு மணித்தியாலம் பிந்தியதற்கே அவ்வளவு பயம்.

கணக்கு வருடக்கணக்கில் பிந்தியிருந்ததை அந்தளவுக்கு ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரிப்ளி 1926இலேயே, பெரிய கொம்பனிகள் தங்கள் பங்காளர்களுக்கே ஒன்றும் சொல்வதில்லை என்று கடுமையாக எழுதியிருந்தார். 1932 மார்ச்சில் சுவீடனின் 'தீப்பெட்டி மன்னர்' ஐவர் குரூகர் இறந்தபோது அது எவ்வளவு உண்மை என்று வெளித்தது. அவருடைய கொம்பனிகளின் கடன்பத்திரங்களை அமெரிக்காவில் கனபேர் வாங்கி வைத்திருந்தார்கள். கணக்கைத் திறந்து பார்த்தால் சொத்து என்று எழுதியிருந்ததில் பெரும்பங்கு வெறும் எழுத்து.

இதற்குப் பிறகுதான் 1933, 1934ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தன. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு பிறந்தது. பொதுமக்களுக்குப் பங்கு விற்கிற கொம்பனி, தன் கணக்கைப் பொதுமக்களுக்குக் காட்டவேண்டும் என்பது சட்டமானது. சட்டத்தின்படி கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் காகிதங்களைப் பார்க்க ஆணைக்குழுவின் வாசிப்பறைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் பிரதி எடுத்து விற்பவர்களுக்குக் காசு கட்டவேண்டும்.

பொதுச்சொத்தைத் திறந்த ஒருவர்

கணினி வந்ததும் நிலைமை தானாக மாறியிருக்கும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. ஆணைக்குழு 1984இல் 'எட்கர்' என்ற மின்னணு முறையைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கி, 1993இலிருந்து கொம்பனிகளைப் படிப்படியாக அதற்குள் சேர்த்தது. அறிக்கைகள் மின்னணுவில் வந்தன. வெளியில் போகும் வழியில் மட்டும் காசுப்பெட்டி இருந்தது. காசு கட்டி வாங்கும் தரவு நிறுவனங்களுக்கே அவை சுலபமாகக் கிடைத்தன. அதே காலத்தில் பெரிய வங்கிகளின் மேசைகளில் புளூம்பெர்க் திரைகள் ஏறிக்கொண்டிருந்தன. அந்தச் சேவைக்கு இண்டைக்கும் வருடத்துக்கு 20,000 டொலருக்கு மேலே கட்டவேண்டும்.

இந்த இடத்தில் கார்ல் மலமூட் என்ற மனிதர் வருகிறார். அவர் நியூயோர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, எட்கர் ஆவணங்களை இணையத்தில் ஏற்றி, எல்லாருக்கும் சும்மா கொடுத்தார். மாணவர்கள், பத்திரிகையாளர்கள், ஓய்வூதியக்காரர்கள் என்று கனபேர் பழகிவிட்டார்கள். 1995இல் அவர் ஒரு வேலை செய்தார். 'நான் இதை நிறுத்தப்போகிறேன், இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை, வேணும் எண்டால் அவர்களிடம் கேளுங்கள்' என்ற மாதிரி அறிவித்துவிட்டார். சனம் கேட்டது. அந்த வருடமே ஆணைக்குழு அந்தச் சேவையைத் தானே பொறுப்பேற்றது.

எங்களுக்கு இந்தச் சம்பவம் முக்கியமாகப் படுகிறது. காகிதம் மின்னணுவாக மாறியது தொழில்நுட்பம். அது பொதுமக்களுடையது ஆனது ஒரு கோரிக்கையால். இரண்டையும் ஒன்று என்று நினைத்தால் வரலாறு பிழைக்கும்.

எண்ணோடு ஒட்டின பெயர்

அறிக்கை இணையத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் அது இன்னும் ஒரு பக்கம்தான். பக்கத்தில் 4,512 என்று ஒரு எண் இருந்தால், அது என்ன என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இடப்பக்கம் 'தேறிய இலாபம்' என்று எழுதியிருக்கும், மேலே வருடம் இருக்கும், மூலையில் 'ரூபா மில்லியனில்' என்று சின்னதாக இருக்கும். கண் இந்த மூன்றையும் சேர்த்து வாசிக்கும். கணினிக்கு அது முடியாது. அதற்கு 4,512 வெறும் நாலு இலக்கம்.

1998 பெப்ரவரியில் எக்ஸ்.எம்.எல் என்ற குறிமொழி இணையத்தின் நியமமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் வொஷிங்டன் மாநிலத்தின் ரக்கோமா என்ற ஊரில் வேலைபார்த்த சார்ல்ஸ் ஹொஃப்மன் என்ற கணக்காளர், இதைக் கணக்குக்குப் பாவிக்கலாமே என்று யோசித்தார். அமெரிக்கக் கணக்காளர் சங்கம் அவருக்குப் பின்னால் நின்றது. 2000ஆம் ஆண்டு 'எக்ஸ்.பி.ஆர்.எல்' என்ற பெயரில் முதல் நியமம் வெளிவந்தது.

அதன் யோசனை லேசானது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் பார்சல் போடும்போது என்ன செய்வோம்? பெயர், இடம், போன் நம்பர் எழுதி ஒட்டுவோம். பார்சல் எந்த பஸ்ஸில் ஏறினாலும் உரிய ஆளிடம் போய்ச் சேரும். அந்த மாதிரி ஒவ்வொரு எண்ணிலும் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது: இது என்ன எண், எந்தக் கொம்பனியுடையது, எந்தக் காலத்துக்கு உரியது, எந்த நாணயம். இந்தச் சீட்டுகளில் வரக்கூடிய பெயர்களுக்கு ஒரு பொது அகராதி உண்டு. 'தேறிய இலாபம்' என்றால் எல்லாக் கொம்பனிக்கும் ஒரே சீட்டு.

கையடக்கக் கருவிகளுக்கு இது ஏன் முக்கியம் என்பது இங்கேதான் விளங்கும். காகிதப் பக்கத்தில் எண்ணுக்குப் பொருள் கொடுப்பது அதன் இடம். போனின் சின்னத் திரையில் பக்கம் உடைந்துவிடும், அப்போது இடமும் தொலைந்துவிடும். எண் தனியாகப் பயணம் செய்யவேண்டுமென்றால் தன் பொருளைத் தானே சுமந்து வரவேண்டும்.

காலமும் பொருந்தி வந்தது. 2007இல் முதல் ஐபோன் வந்தபோதே அதற்குள் பங்கு விலை காட்டும் அப் ஒன்று இருந்தது. 2008இல் அப் ஸ்ரோர், 2010இல் ஐபேட். மறுபக்கம் 2005இல் அமெரிக்க வங்கிகள் தங்கள் காலாண்டு அறிக்கைகளை எக்ஸ்.பி.ஆர்.எல் முறையில் கொடுக்கத் தொடங்கின. 2009 ஜூன் நடுப்பகுதியிலிருந்து, சந்தையில் 500 கோடி டொலருக்கு மேலே பங்குப் பெறுமதி கொண்ட பெரிய கொம்பனிகளுக்கு அது கட்டாயமானது. 2011இல் மிச்சக் கொம்பனிகளும் வந்து சேர்ந்தன. ஜப்பான், பிரித்தானியா, இந்தியா போன்ற நாடுகளும் அதே காலப்பகுதியில் இந்த வழிக்கு வந்தன. கணக்கும் கடைசியில் ஓடக் கற்றுக்கொண்டது.

ஓடினாலும் தடக்குப்பட்டது

எல்லாம் நல்லா முடிஞ்சுது என்று சொல்ல வரவில்லை. தொடக்க வருடங்களில் சீட்டு ஒட்டியவர்கள் கழித்தல் அடையாளத்தை மாற்றிப் போட்டார்கள், ஆயிரத்தை மில்லியன் ஆக்கினார்கள். காகிதத்தில் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்கும். போனில் எண் மட்டும் தனியாக வந்து நிற்கும்போது ஆர் சந்தேகப்படுவது? இன்னொன்று, பொது அகராதியில் பொருத்தமான பெயர் இல்லையென்றால் கொம்பனி தானே ஒரு பெயர் உண்டாக்கலாம். அந்தச் சலுகையை அளவுக்கு மிஞ்சிப் பாவித்தபோது ஒப்பீடு குழம்பியது. 19ஆம் நூற்றாண்டு ரயில்பாதைகளின் பழைய வியாதிதான் இது. 2018இல் ஆணைக்குழு புதுவிதி போட்டது: மனிதர் வாசிக்கும் பக்கமும் கணினி வாசிக்கும் சீட்டும் ஒரே ஆவணத்துக்குள் இருக்கவேண்டும். எண்ணைத் தொட்டால் அதன் சீட்டைப் பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் ரொபின்ஹூட் போன்ற அப்கள் வழியாக இளம் ஆட்கள் கேம்ஸ்ரொப் என்ற வீடியோ கேம் கடைக் கொம்பனியின் பங்கை வாங்கித் தள்ளினார்கள். மாதத் தொடக்கத்தில் 20 டொலருக்குக் கீழே நின்ற விலை 28ஆம் திகதி ஒரு கட்டத்தில் 480 டொலரைத் தாண்டியது. அதே கொம்பனி 2019 நிதியாண்டில் ஏறத்தாழ 47 கோடி டொலர் நட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணும் சீட்டு ஒட்டப்பட்டு, இலவசமாக, அதே போனுக்கு வரக்கூடிய நிலையில்தான் இருந்தது. சிலர் தெரிந்துகொண்டுதான் வாங்கினார்கள், அது வேறு கதை. ஆனால் விலை தானாக வந்து கதவைத் தட்டும். கணக்கை நாங்கள்தான் போய்க் கூப்பிடவேண்டும். அப்களை ஆக்கினவர்கள் எதைப் பெரிய எழுத்தில் போட்டார்களோ அதைத்தான் சனம் பார்த்தது.

எங்கட கைக்கு

இப்ப எங்கட ஊருக்கு வருவோம். 2012 ஜனவரி முதல் இலங்கைக் கொம்பனிகள் சர்வதேச நியமங்களை ஒட்டிய நியமங்களின்படி கணக்கு எழுதுகின்றன. கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை 2020இல் தன் போன் அப்பை வெளியிட்டது. பங்குக்கணக்கைப் போனிலேயே திறக்கலாம், விலையைப் போனிலேயே பார்க்கலாம். ஆண்டறிக்கைகளையும் ஆரும் இலவசமாக இறக்கலாம். ஆனால் அவை பெரும்பாலும் பி.டி.எவ், பெரும்பாலும் ஆங்கிலம்.

எங்களில் கனபேர் பங்கு வாங்கப்போவதில்லை, அதனால் இது எங்கட பிரச்சினை இல்லை என்று நினைக்கலாம். 2020 மே மாதம் இலங்கை மத்திய வங்கி 'த பினான்ஸ் கொம்பனி'யின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தது. அது பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த கொம்பனி. அங்கே காசு போட்டிருந்தவர்கள் எல்லாரும் பங்கு வியாபாரிகள் இல்லை. ஓய்வூதியத்தைப் போட்டவர்கள், பிள்ளையின் படிப்புக்குச் சேர்த்ததைப் போட்டவர்கள் என்று சாதாரண சனமும் இருந்தது. வைப்பு எடுக்கிற எந்த நிறுவனத்தின் விளம்பரத்திலும் வட்டிவீதம் தூரத்திலிருந்தே தெரியும். செயற்படாக் கடன் எத்தனை வீதம் என்பதை அறிய அறிக்கையின் பின்பக்கங்களுக்குப் போகவேண்டும். அம்மா வைப்புப் போட முதல், மூன்று நிறுவனங்களின் அந்த ஒரு எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில், தமிழில் பார்க்கமுடிந்தால் எப்படி இருக்கும்?

இந்த 'தமிழில்' என்பது கற்பனை இல்லை. எக்ஸ்.பி.ஆர்.எல் நியமத்தில், சீட்டும் அதை வாசிக்கிற பெயரும் வேறு வேறு. ஒரே சீட்டுக்கு எத்தனை மொழியிலும் பெயர் வைக்கலாம். எண்ணை எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதினாலும் பார்ப்பவர் தன் மொழிப் பெயரோடு பார்க்கலாம். தமிழ்ப் பெயர்ப்பட்டியல் ஒன்று சேர்ந்தால், வவுனியாவில் இருக்கிற ஒருவர் நியூயோர்க் கொம்பனி ஒன்றின் கடனையும் தமிழில் வாசிக்கலாம்.

அந்தப் பெயர்களை ஆர் வைப்பது என்பது அடுத்த கேள்வி. நாங்கள் 'ஐந்தொகை' என்போம், தமிழ்நாட்டில் 'இருப்புநிலைக் குறிப்பு' என்பார்கள். நாங்கள் 'பெறுமானத்தேய்வு', அவர்கள் 'தேய்மானம்'. எதை வைப்பது என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. தேவையானது, அந்தப் பட்டியலில் உட்கார்ந்து வேலை செய்ய ஆக்கள்: உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்கள், மொழிபெயர்ப்புப் படிப்பவர்கள், அப் எழுதத் தெரிந்தவர்கள். அதோடு, அறிக்கைகளைச் சீட்டு ஒட்டின வடிவில் எல்லாருக்கும் தாங்கோ என்று கேட்கிறதுக்கும் ஆக்கள் வேணும். 1995இல் கேட்டவர்கள் எல்லாரும் நிபுணர்கள் இல்லை.

இந்த நாட்டில் எத்தனையோ தலைமுறை மாணவர்கள் தமிழிலேயே கணக்கியல் படித்து வந்திருக்கிறார்கள். ஆகவே சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவை இப்போதைக்கு பாடப்புத்தகத்திலும் கடந்தகால வினாத்தாளிலும் இருக்கின்றன. உண்மையான எண்களுக்குப் பக்கத்தில் அவற்றைக் கொண்டுவந்து ஒட்டுகிற வேலைதான் பாக்கி.